மாமியார் பேர் சொன்ன ராமுத்தாய்

எங்கள் பெரியப்பா மகன் சங்கிலிமுத்துவின் பெண்டாட்டிக்கு உடன்பிறந்தவள் ராமுத்தாய். அந்த வகையில் எனக்குக் கொழுந்தியாள் முறை. காரியாபட்டிப் பக்கம் பிறந்தவளை நாரணாபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் ஊர்க்காவலன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் பகல் முழுக்க மரத்தடியில் சீட்டாட்டத்தைக் காவல் காத்தான். வீட்டில் உலை வைத்தது, ராமுத்தாய் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக் கொண்டுவந்த கூலி.

அவள் மாமியார் பேர் இருளம்மாள். அந்தக் கிழவி இருந்தவரை அவள் வாய்க்குப் பயந்து நாய்கூடத் தெரு மாறிப் போகும். செத்த பிறகு என்ன பாசம் வந்ததோ, ராமுத்தாய் வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் அடுத்தடுத்துப் பிறந்த பெண்களுக்கெல்லாம் அவள் பேரையே வைத்தார்கள். வைத்தவர்கள் ஆண்கள். அவர்களுக்கென்ன, சொல்லிக் கூப்பிடுவார்கள். மருமகள்தான் மாமியார் பேரையும் சொல்லக் கூடாது, புருஷன் பேரையும் சொல்லக் கூடாது. அதனால் ராமுத்தாய் பெற்ற மகளை "ஏ ஆத்தா" என்றே கூப்பிட்டாள். வைகிறபோதும் அப்படித்தான். பிள்ளையை வைகிறாளா, செத்தவளைக் கும்பிடுகிறாளா என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் அம்மை குத்த வந்தார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி லட்சுமிகாந்தம் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் ஊசியை வைத்துத் திருகிவிட்டுச் சீட்டு எழுதினார்.

"பிள்ளை பேரென்னம்மா?"

"எங்க அத்தை பேருங்கய்யா."

"அத்தை பேரு என்ன?"

ராமுத்தாய் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்றதெல்லாம் அதே வகையறா மருமகள்கள். அத்தனை பேருக்கும் இருளம்மாள் மாமியார் முறை. ஒருத்தி வானத்தைப் பார்த்தாள், ஒருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள்.

"சரி, வீட்டுல எப்பிடிக் கூப்பிடுவ?"

"ஆத்தான்னு."

அவர் 'ஆத்தாள்' என்று எழுதினார். அடுத்தவள் பிள்ளையும் ஆத்தாள். அதற்கடுத்ததும் ஆத்தாள். படித்த மனுஷர், ஊரில் பிறக்கிற பெண்ணெல்லாம் ஒரே பேரில் பிறக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவருக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடத் தொடங்கியிருந்த காலம். மகளைச் சேர்க்கக் கூட்டிப்போனாள் ராமுத்தாய். தலைமை வாத்தியார் தங்கச்சாமி பிள்ளையிடமே பேரைக் கேட்டுக்கொண்டு, அம்மை குத்திய சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளை இருளம்மாள், சீட்டு ஆத்தாள். இது செல்லாது."

"பிள்ளை கையைப் பாருங்கய்யா. காசு அகலத்துக்குத் தழும்பு இருக்கு."

"தழும்பை நான் ஃபைல்ல கோக்க முடியுமா? இந்த மாசத்துக்குள்ள சரியான சீட்டுக் கொண்டா. இல்லேன்னா அடுத்த வருஷந்தான்."

அடுத்த வருஷம் வரை பிள்ளையைச் சும்மா விட மாட்டார்கள் என்று ராமுத்தாய்க்குத் தெரியும். கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற பெத்தணன் ஏற்கெனவே வாசலில் வந்து நின்று, "விரலு நல்லா நீளமா இருக்கு மைனி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கம்பெனி அம்மை குத்திய சீட்டுக் கேட்காது. வயது கேட்காது. பேர்கூடக் கேட்காது. சர்க்காரைவிடக் கம்பெனியில் சேருவது அம்புட்டுச் சுளுவு.

ராமுத்தாய் ஊர்க்காவலனைச் சீட்டாட்டத்திலிருந்து எழுப்பி, மகளோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிள்ளை பேரு இருளம்மா. எங்க ஆத்தா பேரு" என்றான்.

லட்சுமிகாந்தம் பேனாவை எடுத்தார். "எந்த வருஷம் குத்துனது?"

ஊர்க்காவலன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எந்தக் கையில?"

"ரெண்டுலயும் இருக்கும்ங்கய்யா."

"குத்துறப்ப நீ கூட இருந்தியாய்யா?"

"அன்னைக்கு ஒரு சோலி..."

"கூட இருந்தவங்க சொன்னாத்தான் எழுதுவேன்."

"எம் பேரு இருளம்மா" என்றது பிள்ளை.

"சின்னப் பிள்ளை சொன்னாச் செல்லாது" என்றார் லட்சுமிகாந்தம்.

கூட இருந்தவள் வாயைத் திறக்க மாட்டாள். வாயைத் திறந்தவன் கூட இல்லை. ஊர்க்காவலன், தன் கடமை முடிந்ததென்று டீக்கடைக்குப் போய்விட்டான். லட்சுமிகாந்தம் நல்ல வழி ஒன்று கண்டுபிடித்தார். "எதுக்கும்மா இம்புட்டு ரோதனை? இன்னொரு தடவை குத்திருவோம். புதுச் சீட்டு, புதுப் பேரு."

பேனாவைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பிள்ளையைச் சரிசெய்யப் பார்த்தார். விளக்கில் ஊசி காய்ந்தது. போன தடவை குத்தியபோது கை சீழ் வைத்து, காய்ச்சலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தது ராமுத்தாய்க்கு மறக்கவில்லை. இப்போது அது ஒன்றும் தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

ராமுத்தாய் அந்தக் கையை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எழுதுங்கய்யா. பிள்ளை பேரு இருளம்மா. எங்க மாமியா பேரு இருளம்மா. என்னையப் பிடிச்ச கிரகத்துக்குப் பேரு ஊர்க்காவலன். இடது கையி. அம்மை குத்துனது நீங்கதேன். நாங்கூட நின்னேன்."

டீக் குடித்துவிட்டு வந்த ஊர்க்காவலன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் பேரைப் பெண்டாட்டி வாயால் கேட்டதில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தானாம்.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. பெத்தணன் வேறு விரல் தேடிப் போனான். ஊருக்குள்தான் புகைந்தது. பங்காளி வீட்டு மூத்த மருமகள் சண்முகத்தாய் குழாயடியில் வைத்தே கேட்டாள்: "செத்த மனுசி பேரச் சந்தியில இழுத்துட்டியேடி! இனி மழ பெய்யுமா?"

"போன வருசம் நான் சொல்லலயே அக்கா. அப்ப மட்டும் கொட்டுச்சாக்கும்?"

அந்த வாரமே சண்முகத்தாய் இவள் வீட்டுக்கு வந்தாள். அவள் மகள் சீட்டிலும் ஆத்தாள்தான். தங்கச்சாமி அவளையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

"ராமுத்தாயி, டவுனுக்கு ஒரு எட்டு வாரியாத்தா?"

"நீங்களே போய்ச் சொல்லுங்க."

"நான் எப்பிடிச் சொல்ல? ஒன் நாக்குத்தான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே. அதுலயே எம் பிள்ளைக்கும் சொல்லிரேன்."

ராமுத்தாய் சிரித்துவிட்டுக் கிளம்பினாள். விஷயம் தெரிந்து மற்ற மருமகள்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். லட்சுமிகாந்தம் மேஜைக்கு முன்னால் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, ராமுத்தாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் சொன்னாள். சண்முகத்தாய் முறை வந்தபோது குரலைக் கூட்டினாள்.

"பிள்ளை பேரு இருளம்மா. தகப்பன் பேரு இருளாண்டி. அவரப் பெத்தவரு சோலைச்சாமி!"

"தாத்தா பேரை யாரு கேட்டா?" என்றார் லட்சுமிகாந்தம்.

"இருக்கட்டுங்கய்யா, சேத்து எழுதிக்கிடுங்க."

சண்முகத்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்து, நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.