முனியாண்டி கேட்ட இலை

முதியோர் இல்லத்தில் கிராணி வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிப்பது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். படிவம் நிரப்பிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம். கிள்ளான் பக்கத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங்கில் இருந்த அந்த இல்லத்தில் அமர்ந்தேன். ஊருக்கு நான் புதுசு. யார் என்ன ஆள் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்று மேசைகள்

சாப்பாட்டுக் கூடத்தில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று மூன்று மேசைகள். புதிதாக வருபவரை எதில் உட்கார வைப்பது என்று சொல்வது என் பொறுப்பு. ஒருநாள் சாரோங் கட்டி, நெற்றி மறையத் தலையில் துணி சுற்றி ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். தமிழில் கேட்டதற்கெல்லாம் திருதிருவென்று விழித்தார். மலாயில் கேட்டால் மளமளவென்று பதில். நானும் யோசிக்காமல் மலாய் மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் மனிதர் வெறும் சோறும் சம்பலுமாக ஓட்டினார். மூன்றாம் நாள் மாட்டிறைச்சிக் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். பதிவேட்டில் தன் பெயர்மேல் விரலை வைத்து மலாயில் கேட்டார்: “நல்லதம்பி பிள்ளை என்று உங்கள் கையால்தானே எழுதினீர்கள்? மாட்டை நான் எப்படித் தின்பேன்?”

கும்பிடா, சலாமா?

அவர் சிட்டி சமூகத்தவராம். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய இந்துக்கள்; வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அவர்கள் குடியிருக்கும் கம்பமே, அந்த ஊர்ப்பகுதியே, இல்லத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. இல்லத்துச் செடிகொடிகளைப் பார்த்துக்கொண்ட தோட்டக்காரர் இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடனே அவரைத் தமிழ் மேசைக்கு மாற்றி, முனியாண்டிக்குப் பக்கத்தில் இடம் போட்டேன். முனியாண்டி ரப்பர் தோட்டத்தில் ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். புது ஆளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: “நெத்தியில திருநீறு, வாயில மலாயி. கிராணி ஐயா, இவரக் கும்புடறதா, சலாம் போடறதா?”

ஒரே ஒரு கட்டம்

நெருங்கிய உறவினர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. முனியாண்டிக்கு வேலு என்று ஒரே மகன். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. செத்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

“இருக்கான்னு எழுதுங்க ஐயா” என்று திங்கட்கிழமை வருவார். “வேணாம், அடிச்சிடுங்க” என்று புதன்கிழமை வருவார். கோபப்படவும் முடியவில்லை, சமாதானம் சொல்லவும் தெரியவில்லை. அவர் சொன்னபடியெல்லாம் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஆய்வுக்கு வந்த மேட்ரன் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், அந்தப் பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “ஆள் இருக்கிறாரோ, இல்லையோ? ரெண்டையும் வெட்டிப்போட்டு என்னை என்னத்தை வாசிக்கச் சொல்லுறீர்?”

போகி நாள்

பொங்கலுக்கு முதல்நாள் சிட்டி மக்கள் இறந்துபோன தங்கள் குடும்பத்தாருக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்கள். பர்ச்சு என்று பெயர். நல்லதம்பியின் தம்பி மகள் தூக்குச்சட்டியில் சோறும் மீனும் கொண்டுவந்தாள். அவர் விளக்கேற்றி, மனைவிக்கு இலை போட்டுப் பரிமாறினார். பிறகு, “மாரி, மாக்கான்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். வா, சாப்பிடு என்று தினமும் கூடத்தில் எல்லோரையும் கூப்பிடும் அதே சொற்கள்தான்.

பார்த்துக்கொண்டிருந்த முனியாண்டி தனக்கும் ஓர் இலை கேட்டார். கொடுத்தேன். விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“படைச்சா, எம்புள்ளய நானே கொன்ன மாதிரி. படைக்காம வுட்டு, அவன் செத்துப்போயிருந்தா? இத்தன வருசமா பசியோட நிக்கிறானே! நீங்க எழுதறவங்க, சொல்லுங்க ஐயா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லதம்பிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது போல. விளக்கின் முன்னால் சற்று நகர்ந்து இடம் விட்டார். முனியாண்டி வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார். தமிழ் மேசையில் தன் பக்கத்துக் காலி இடத்தில் இலையை விரித்தார். நல்லதம்பி எடுத்து வந்த சோற்றையும் மீனையும் தன் கையாலேயே பரிமாறினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “வெளக்குக்கு முன்னாடி வேணாங்க. மேசையிலயே இருக்கட்டும். எப்படி வந்தாலும் சாப்பிட்டுப் போவட்டும்.”

இத்தனை வருஷம் கிராணியாக இருந்தும், பந்தியில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சட்டென்று பதில் வருவதில்லை.