புரட்டாசி முதல் தேதிப் பட்டியல்

உமாமகேஸ்வரி சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஃபேரர் பார்க்கில் உள்ள எங்கள் கேட்டரிங் சமையற்கூடத்துக்கு வருவாள், ஒரு கையில் பையில் கட்டிய, பால் சேர்க்காத கோப்பி ஓ, இன்னொரு கையில் லேப்டாப். பூன் லே பக்கத்து விடுதிகளில் எங்களிடம் சாப்பிடும் தொழிலாளர்கள் எட்டாயிரம் பேர். யாருக்குச் சைவம், யாருக்குக் கோழி என்று தினமும் பட்டியல் எடுத்துத் தருவது அவள் வேலை. அதைப் பார்த்துப் பொட்டலத்தில் லேபிள் ஒட்டுவது என் வேலை. நான் ரஞ்சிதம், எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

உமாவுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. வந்த புதிதில் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது ஒரு நிரல் துண்டு எழுதினாள். சைவத்துக்கு மாற்றச் சொல்லித் தொழிலாளர்கள் போன் நம்பர் அனுப்பும்போது ஒருவர் முன்னால் நாட்டு எண் 65 போடுவார், ஒருவர் நடுவில் கோடு போடுவார். அதைச் சுத்தம் செய்து எட்டு இலக்கமாக்குவது அந்த ஃபங்ஷன். அப்புறம்தான் மாற்றமும் ஆளும் பொருந்தும்.

சாதாரண நாளில் மாற்றம் இருநூறு வரும், பட்டியல் மூன்று நிமிஷத்தில் முடியும். புரட்டாசி பிறந்தால் ஐயாயிரம் பேர் ஒரே நாளில் மாறுவார்கள். போன வருஷம் அன்று பட்டியல் நேரத்துக்கு வரவே இல்லை. முந்தைய நாள் பட்டியலை வைத்தே அனுப்பிவிட்டோம். கப்பல் பட்டறை வெல்டர் மருதப்பன் பொட்டலத்தைப் பிரித்தால் கோழி. அவர் போனில் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லக்கா, தண்ணி குடிச்சுட்டு வேலைக்குப் போறேன்," என்று வைத்துவிட்டார். உமா அன்று சாப்பிடவில்லை. பட்டியல் போடும் கம்ப்யூட்டர் மெஷின்தான் மெதுவாக ஓடுகிறது என்று அவள் சொன்னதை நம்பி முதலாளி கதிரேசன் புதிது வாங்கிப் போட்டார்.

இந்த வருஷம் புரட்டாசி முதல் தேதி, காலை ஒன்பது மணிக்குப் பட்டியலை ஓட்டினாள். ஒன்பதரை ஆகியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பத்துக்குள் வராவிட்டால் மறுபடியும் ஐயாயிரம் பேருக்குக் கோழிதான். நான் லேபிள் சுருளோடு நின்று நச்சரித்தேன்.

ஓட்டத்தை நிறுத்திவிட்டு நூறு மாற்றத்துக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தாள், பிறகு ஆயிரத்துக்கு. நேரம் பத்து மடங்கானது. ஃபங்ஷனை எடுத்துவிட்டு ஓட்டினாள். நொடியில் வந்தது, ஆனால் பாதி நம்பர் பொருந்தவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் எட்டாயிரம் பேரோடும் ஒப்பிடும்போது, ஒவ்வொரு முறையும் ஃபங்ஷன் நம்பரைப் புதிதாகச் சுத்தம் செய்கிறதாம். மொத்தம் நாலு கோடித் தடவை. சோறு வைக்க அரிசியை ஒவ்வொன்றாகக் கழுவுவதுபோல.

"மெஷின் மேல தப்பு இல்ல சார். நான் எழுதுனதுதான்," என்று கதிரேசனிடம் போய்ச் சொன்னாள்.

அவர் புது மெஷினை ஒரு பார்வை பார்த்தார். "முதல்ல சாப்பாட்ட அனுப்பு லா," என்றார்.

ஆட்கள் பட்டியல், மாற்றப் பட்டியல் இரண்டிலும் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தாள். எல்லா நம்பரையும் ஒரே ஒரு தடவை சுத்தம் செய்து அதில் போட்டு, சட்டென்று தேடிப் பிடிக்க ஒரு இன்டெக்ஸும் வைத்தாள். பத்தடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. நாலு நொடியில் பட்டியல் வந்தது. நான் நம்பாமல் மறுபடி ஓட்டச் சொன்னேன்.

மதியம் ஒரு மணிக்கு மருதப்பன் கூப்பிட்டார். உமா போனை எடுக்கப் பயந்தாள். நான்தான் அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன். உருளைக்கிழங்குப் பொரியல் நன்றாக இருந்ததாம்.

"அக்கா, ஐப்பசி முதல் தேதி எனக்குக் கோழி. இப்பவே போட்டு வச்சிருங்க. அன்னிக்கு எல்லாரும் மாறுவாங்க, உங்க மெஷின் படுத்துக்கும்."

"படுக்காது," என்றாள் உமா. போனை வைத்துவிட்டு ஒரு சைவப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.