உறுமாத நாய்

பண்ணையார் வீட்டு நாயை எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் அதற்குச் சோறு போட்டார்கள். நான் அதற்குப் பயந்தேன். பயந்தவர்கள்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

அம்மா அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளினாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நானும் கூடப் போவேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கொட்டகைக்கும் எருக்குழிக்கும் நடுவில் ஒரு தென்னை மரம் நின்றது. அதில்தான் நாயை நீளச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். சாணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காலையில் ஏழெட்டு முறை அதைக் கடந்தாக வேண்டும். ஓடினால் துரத்தும் என்பதை முதல் வாரத்திலேயே கணுக்காலில் வாங்கிய கீறல் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அப்புறம் மெதுவாக நடந்து, கடைக்கண்ணால் அதையே பார்த்தபடி போகப் பழகினேன். எடுத்ததும் அது கடிக்க வருவதில்லை. முதலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். தின்ன ஒன்றும் இல்லாதபோதே மூக்கை நக்கும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். அப்போதே விலகிவிட்டால் நல்லது. விலகாவிட்டால் திறந்திருந்த வாய் பட்டென்று மூடிக்கொள்ளும், உடம்பு கட்டையாகிவிடும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். வால் ஆடும்தான், ஆனால் மேலே விறைத்து நின்று நுனி மட்டும் ஆடும். அதைப் பார்த்துவிட்டு, குழைகிறது என்று கிட்டே போன பால்காரருக்குப் புறங்கையில் நான்கு தையல். இதற்கெல்லாம் பிறகுதான் உறுமும். உறுமினால் நான் நின்றுவிடுவேன். கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குவேன். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. எங்கள் இருவருக்கும் சண்டை இல்லை.

அந்த வருஷம் நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. பண்ணையார் தோளில் கிடந்த துண்டின் கரையும் மாறியிருந்தது. எங்கள் தெரு முனையில் மட்டும் ஒரு செங்கொடி புதிதாக ஏறியது. சம்பா அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தராமல் வயலில் இறங்குவதில்லை என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர். கொடி ஏறிய மறுநாள் நாயைத் தென்னை மரத்திலிருந்து அவிழ்த்து வாசலுக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

வாசலுக்கு எங்களைப் போன்றவர்கள் மட்டுமா வருவார்கள்? கட்சிக்காரர்களும் கரைவேட்டிக்காரர்களும் வந்தார்கள். நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, எல்லாரையும் பார்த்து உறுமியது. தஞ்சாவூரிலிருந்து காரில் வந்த பெரிய மனிதர் ஒருவர் இறங்காமலே திரும்பிப் போகப் பார்த்தார். பண்ணையாருக்கு அவமானமாகிவிட்டது. உறுமுகிற பழக்கத்தை விட வை என்று காரியக்காரரிடம் சொன்னார். காரியக்காரர் என்பவர் பண்ணை வேலைகளை மேற்பார்த்தவர்; ஆட்களை அடிப்பதும் அந்த வேலைகளில் ஒன்று. அவர் புளியம்விளார் ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு, நாய் உறுமும்போதெல்லாம் மூக்கில் அடித்தார். பத்து நாளில் அது உறுமுவதை விட்டுவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

எனக்கு அது திருந்தியதாகத் தெரியவில்லை. வாய் முன்போலவே மூடிக்கொண்டது. உடம்பு முன்போலவே விறைத்தது. சத்தம் ஒன்றுதான் இல்லை. பண்ணையாரின் மருமகள் கொட்டகைக்குத் தீவனத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். மருமகள் அம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் மாயவரத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்களிடம் அதட்டிப் பேசாத ஒரே ஆள்.

"அது இப்ப உறுமக்கூட மாட்டேங்குது. உனக்கு என்ன பயம்?" என்று சிரித்தார். அம்மா என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

தை மாதம் பிறந்து, கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்ற சமயம். பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லிப் பண்ணையார் ஆள் அனுப்பினார். எங்கள் ஆட்கள் ஐந்து பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அப்பா ஓரத்தில், நாய்க்குப் பக்கத்தில் நின்றார். பண்ணையார் நாற்காலியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் நாய்க்கு ஆட்டெலும்பு கிடைத்திருந்தது. நான் கொட்டகையிலிருந்து வாசலுக்கு வரும் சந்தில் காலிக்கூடையோடு நின்றேன். அதைத் தாண்டி வரக்கூடாது.

மருமகளின் மகள், நான்கு வயதுப் பெண், உள்ளேயிருந்து ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் எலும்பு மெல்லுவதை நிறுத்தியது. வாய் எலும்பின்மேல் அப்படியே மூடிக்கொண்டது. குழந்தை அதன் காதில் முகத்தை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது.

யாராவது மெதுவாகக் கூப்பிட்டு அவளை நகர்த்தினால் போதும் என்று எனக்குத் தெரியும். பண்ணையார் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசும்போது எங்கள் தெருப் பிள்ளை அந்த வாசலில் வாய் திறந்ததில்லை. "பாப்பா, வாங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

ஒரு சத்தமும் இல்லாமல் அது கடித்தது. குழந்தையின் கன்னம் அதன் வாயில் இருந்தது. எல்லாரும் கத்தினார்கள், யாரும் அசையவில்லை. அப்பாதான் பாய்ந்து, கழுத்துப் பட்டையை முறுக்கிப் பிடித்து, இடுப்புத் துண்டை உருவி நாயின் வாயில் திணித்தார். குழந்தையை விட்டுவிட்டு அது அவர் முன்கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையை உதறாமல், மற்றக் கையால் குழந்தையைத் தூக்கி நீட்டினார். மருமகள் ஓடிவந்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்தேன்.

குழந்தையைக் காரில் போட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரியக்காரர் கடப்பாரையால் நாயை அடித்துக் கொன்றார். அதற்கும் அது உறுமவில்லை. கூலியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

பொழுது சாய்வதற்குள் கதை வேறாகிவிட்டது. பேச்சுவார்த்தை படியாத ஆத்திரத்தில் அப்பா நாயைக் காலால் எத்தி, குழந்தைமேல் ஏவிவிட்டதாக ஊர் சொன்னது. கிட்டே நின்றவர் அவர்தானே, துண்டில் ரத்தம் இருக்கிறதே என்றார்கள். போலீஸ் வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. அப்பாவையும் கூட நின்றவர்களில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். துண்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயமே இல்லை. நான்தான் எல்லாவற்றையும் பார்த்தேனே, போய்ச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று வேனுக்குப் பின்னால் ஓடினேன். அம்மா என்னை இழுத்து வந்து, கதவைச் சாத்தி, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதையும் பாக்கல. நீ அங்க இல்லவே இல்ல" என்றாள்.

எங்களுக்காகப் பேச மருமகள் அம்மா இருக்கிறார் என்றேன். அம்மா கதவின் தாழ்ப்பாளையும் போட்டாள்.

மூன்றாம் நாள் வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். போலீஸ் காவலோடு அறுவடை நடந்தது. எங்கள் ஆட்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். அம்மாவுக்கு அறுவடை ஞாபகமே இல்லை. அப்பாவின் கைக்காயத்துக்கு ஊசி போடச் சொல்லி ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தாள். ஆளைக் கொண்டுவராமல் ஊசி இல்லை என்றது ஆஸ்பத்திரி. ஆளை விட முடியாது என்றது ஸ்டேஷன். குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்றாகப் போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து அப்பா ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். இனி ஊசி போட்டு என்ன ஆகப்போகிறது என்று போகவே மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம், அம்மா அவருக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவர் குடித்து முடிக்கும்வரை தொண்டையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். கேட்காமலே கொடுப்பாள். அவரும் மறுக்காமல் குடிப்பார். வெறி ஏறினால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது, அம்மாவுக்கு அப்பாமேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழந்தையும் பிழைத்தாள். கன்னத்தில் தழும்போடு அவள் வாசலில் விளையாடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அம்மாவை அந்த வீட்டு வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் அந்த வீட்டுச் சமையல்காரப் பெண் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கமாக வந்து, முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். மருமகள் கொடுத்தனுப்பியதாம், யாருக்கும் தெரிய வேண்டாமாம். உள்ளே ஒரு புதுத் துண்டு இருந்தது. நல்ல கெட்டிச் சாயக் கரை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கூரைச் செத்தையில், அடுப்புக்கு நேர் மேலே, உள்ளே தள்ளிச் செருகினார். புகையில் பழுப்பேறிவிடுமே என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, வெளியே தெரிந்த நுனியையும் உள்ளே தள்ளினார்.

புதுத்துணி ஆயிற்றே, தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி எப்போது வரும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.