மிஸ்ஸி தெரியாது என்று சொல்லாத நாள்

கொட்டாஞ்சேனை அறுபத்தாறாம் தோட்டத்தில் யோகேஸ்வரி எந்தக் கதவையும் தட்டியதில்லை. தோட்டம் என்றதும் மரம், செடி என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கை, இரு பக்கமும் நெருக்கியடித்த நாற்பத்தெட்டு வீடுகள், எல்லாருக்குமாக மூன்று தண்ணீர்க் குழாய், ஐந்து கக்கூஸ். அதற்குப் பெயர் தோட்டம். பெயர் வைத்தவன் நல்ல பகிடிக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

ஒழுங்கையின் முனையில் நின்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லி உரத்துக் கூப்பிடுவாள். "அஷ்பாக்! நிருஷா! றுஷ்னா! ஆர் வீட்டில நிக்கினம்?" தாய்மாரைக் கூப்பிடவே மாட்டாள். தாய்க்கு அடுப்பில் கறி இருக்கும், மாமியோடு கோபம் இருக்கும், வீட்டுக்காரனோடு சண்டை இருக்கும். பிள்ளையின் பெயர் காதில் விழுந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து கதவைத் திறப்பாள். அரசாங்கத் தாளில் யோகேஸ்வரி குடும்ப சுகாதார உத்தியோகத்தர். தோட்டத்துக்கு அவள் மிஸ்ஸி. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளை நிறுப்பது, ஊசிக்கு நாள் குறிப்பது என்று இருபது வருடம் அந்த ஒழுங்கையில் நடந்தவள்.

பிறந்தது சாவகச்சேரிப் பக்கம். சண்டை துரத்திக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி அறையில் ஒதுங்கினாள். கல்யாணமும் ஆனது. அந்த மனுசன் கனடாவுக்கு ஏறும்போது, "ஆறு மாசத்தில கூப்பிடுறன்" என்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னார். பதினேழு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து அவள் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரியாத எதையும் யாருக்கும் சொல்வதில்லை.

"மிஸ்ஸி, வயித்துல ஈக்கிறது ஆம்புளப் புள்ளயா?"

"எனக்குத் தெரியாது."

"இந்தச் சொறி மாறுமா மிஸ்ஸி?"

"தெரியாது. டொக்டரிட்டக் கேட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை வந்து சொல்லவும் செய்வாள். முதலில் சனம் சிரித்தது. ஒன்றுமே தெரியாத மிஸ்ஸியை அரசாங்கம் எங்கே தேடிப் பிடித்தது என்று கேட்டது. போகப் போக விளங்கியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள் தெரியும் என்று ஒன்றைச் சொன்னால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அவள் சொல்லித்தான் தோட்டத்துப் பிள்ளைகள் ஊசி போட்டார்கள், அவள் சொல்லித்தான் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்த நம்பிக்கையின் தலைமைப் பீடம் றலியாவின் வீடு. றலியாவுக்கு அறுபது வயதிருக்கும், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, வாய் கொஞ்சம் நீளம். குழந்தைகளை நிறுக்கும் தராசு தொங்குவதற்கென்று தன் வாசல் நிலையில் ஒரு இரும்புக் கொளுக்கியை அடித்து வைத்திருந்தாள். மாதத்தில் ஒருநாள் தோட்டத்துக் குழந்தைகள் எல்லாம் அந்த வாசலில் தொங்கி அழும். றலியாவின் மகள் பலீலா. மருமகன் ஷிப்லி ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்கு உதவியாள். அவர்களுக்கு ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, இரண்டாயிரத்து இருபது மாசியில் ஹிபா பிறந்தாள். ஏழு மாதத்திலேயே அந்தப் பிள்ளைக்கு மிஸ்ஸியின் குரல் தெரியும். ஒழுங்கை முனையிலிருந்து "ஹிபா!" என்று கேட்டால் தாயின் இடுப்பில் இருந்தபடி கழுத்தை வளைத்து வாசலைத் தேடும்.

பிறகு கொரோனா தோட்டத்துக்குள்ளும் வந்தது. கார்த்திகையில் அறுபத்தாறாம் தோட்டத்தின் வாயிலை அடைத்துப் பொலிஸ் நின்றது. ஒலிபெருக்கி பூட்டிய முச்சக்கர வண்டியொன்று காலையும் மாலையும் வந்து, சிங்களத்தில் நீளமாகவும் தமிழில் கட்டையாகவும் கத்தியது. "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்." பொலிஸைக் கொண்டுவந்து நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்களை உள்ளே விட்டு, மூக்குக்குள் குச்சி விட்டு, பெயர் கூப்பிட்டு சிகிச்சை நிலையத்துக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, பீதியடைய வேண்டாமாம். சனம் கதவுகளை உள்ளே பூட்டிக்கொண்டது.

றலியாவுக்குத் தொற்று என்று முடிவு வந்த அன்று, யோகேஸ்வரியோடு வந்த சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. பொலிஸ்காரன் தட்டினான். திறக்கவில்லை. பரிசோதகர் சளைத்துப்போய் யோகேஸ்வரியைப் பார்த்தார்.

"மிஸ், ஒயா கத்தா கரன்ன. பய வெண்ட எப்பா கியன்ன." நீங்கள் கதையுங்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. அதைத்தான் அவர் அவளிடம் கைமாற்றினார்.

யோகேஸ்வரி முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக் கூப்பிட்டாள். "ஹிபா! ஹிபா வீட்டில ஆர் நிக்கினம்?"

தாழ்ப்பாள் விலகியது. பலீலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சாண் கதவைத் திறந்தாள். பின்னால் இருட்டில் றலியா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்ஸி, நீங்க வந்தபடியாத்தான் தொறந்த. ஒண்டே ஒண்டு கேக்கிற. உம்மாக்கு சீனி ஈக்கி. போய் அங்க மவுத்தானா எரிப்பாங்களே. எங்கடவங்கள எரிக்கிறாங்களே. உம்மாவ எரிக்க மாட்டாங்கன்டு நீங்க சொல்லுவீங்களா?"

இந்த இடத்தில்தான் யோகேஸ்வரி தன் இருபது வருடத்தைத் தொலைத்தாள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கொரோனாவில் செத்தவர் எந்தச் சமயமானாலும் இப்போதைய சட்டம் எரிப்பதுதான், மாறுமா என்று எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதைவிடப் பெரிய பிழை ஒன்று அவளுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கேள்வி அவள் காதில் பெரிதாக விழவில்லை. அவளுடைய ஆட்களில் எரிப்பதுதான் மரியாதை. தகப்பனை எரித்தார்கள், தமையனை எரித்தார்கள், நாளைக்கு அவளையும் எரிப்பார்கள். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையைச் சமாளிக்கிற மாதிரி அவள் இதையும் சமாளித்தாள். சட்டம் மாறலாம் என்று பேப்பரில் ஏதோ கிடந்தது வேறு ஞாபகத்துக்கு வந்தது.

"சீ, அதெல்லாம் மாத்தியாச்சு பிள்ளை. உம்மாவை ஒண்டும் எரிக்க மாட்டினம். பத்து நாளில திரும்பி வந்திடுவா. நான் சொல்லுறன்தானே."

றலியா உள்ளிருந்து எழும்பினாள். "மிஸ்ஸி சொன்னா சரி மகள். மிஸ்ஸி தெரியாம சொல்ல மாட்டாங்க." தஸ்பீஹ் மணியையும் சீனிக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தானே நடந்து போய் பஸ்ஸில் ஏறினாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கத் தேவைப்படவில்லை. அதைப் பார்த்து அடுத்த கதவும் திறந்தது, அதற்கடுத்ததும் திறந்தது. அன்று அறுபத்தாறாம் தோட்டத்திலிருந்து பத்தொன்பது பேர் சத்தமில்லாமல் போனார்கள். பரிசோதகருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆறாம் நாள் றலியா செத்துப்போனாள். அடுத்த நாள் எரித்தார்கள். ஷிப்லியை மட்டும் வெளியே கூட்டிப்போய்த் தூரத்தில் நிற்கவிட்டு ஒரு மூடிய பெட்டியைக் காட்டினார்கள். பலீலாவுக்கு அதுவும் இல்லை. அவள் அடைபட்ட தோட்டத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தபடி இருந்தாள்.

யோகேஸ்வரி வெள்ளவத்தை அறையில் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் பலீலாவுக்குப் போன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தாள். பாழாய்ப்போன வாய் அங்கேயும் ஆறுதல் சொல்லப் போய்விட்டது.

"அழாத பிள்ளை. என்ர அப்பாவையும் எரிச்சதுதானே. நெருப்பில போனா என்ன, மண்ணில போனா என்ன, போற ஆன்மா நல்லாப் போகும்."

 பலீலா போனைத் துண்டித்தாள். தான் என்ன சொன்னோம் என்பது யோகேஸ்வரிக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. படித்த மனுசி, இருபது வருடம் அந்த வீட்டுத் தேத்தண்ணீர் குடித்தவள், ஒரு கிழமை எடுத்தது.

மாசி கடைசியில் சட்டம் மாறியது. புதைக்கலாம் என்றார்கள். "பாத்தீங்களா மிஸ், நீங்க சொன்னது பொய்யில்லை, நாள்தான் கொஞ்சம் பிந்திப் போச்சு" என்று அலுவலகத்தில் ஒரு கிளார்க் ஆறுதல் சொன்னார். சொன்னவரை அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அறையவில்லை. அந்த வருடமே ஒரு கூட்டம் வைத்து, நெருக்கடிக் காலத்தில் பொதுமக்களின் நம்பிக்கையைக் கட்டியெழுப்பியதற்காக என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்கு அடியில் தள்ளினாள்.

தோட்டம் திறந்தபின் அவள் ஒழுங்கை முனையில் நின்று கூப்பிட்டபோது நாற்பத்தெட்டில் இருபது கதவு திறந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பிள்ளைகள் மட்டக்குளியில் மாமி வீட்டில், பிள்ளைகள் நித்திரை. றலியாவின் வாசல் நிலையில் கொளுக்கியைக் காணவில்லை. பிடுங்கிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஹிபாவுக்கு ஒன்பது மாதத்தில் போட வேண்டிய சின்னமுத்து, அதாவது தட்டம்மை ஊசி, அடைப்புக் காலத்தில் தவறியது, தவறியபடியே கிடந்தது. மாதாமாதம் அந்தப் பெயரின் முன்னால் அவள் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டாள். மூன்று வயதில் போட வேண்டியதும் தவறியது. வேறு மிஸ்ஸியை அனுப்பிப் பார்த்தாள், பள்ளிவாசல் ஆட்களிடம் சொல்லிப் பார்த்தாள். "ஊசியிலயும் ஏதோ மறைக்கிறாங்க" என்று பலீலா திருப்பி அனுப்பிவிட்டாள்.

இருபத்து மூன்றாம் ஆண்டு நடுவில் கொழும்பில் சின்னமுத்து பரவியது. ஊசி போடாத பிள்ளைகளைத் தேடிப் போகச் சொன்னார்கள். யோகேஸ்வரி முதலில் போனது அந்தக் கதவுக்கு.

"ஹிபா!"

உள்ளே சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டியபடி பிள்ளை கேட்டது, "யாரு? என்ட பேரு சொல்ற யாரு?"

பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும் சத்தம். கதவு திறக்கவில்லை.

"பலீலா, கதவைத் திறக்காட்டிலும் பரவாயில்லை, கேளும். சின்னமுத்து பரவுது. இவளுக்கு அந்த ஊசி ஒண்டும் போடேல்ல. இந்த ஊசி போட்டா ஒரு கிழமையால காய்ச்சல் வரலாம், கொஞ்சம் தடிக்கலாம். அதை நான் மறைக்கேல்ல. போடாம வருத்தம் வந்தா நெஞ்சைப் பிடிக்கும், மூளையைப் பிடிக்கும், காதைப் பிடிக்கும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன்."

"அண்டைக்கும் தெரிஞ்சுதானே சொன்னீங்க."

"அண்டைக்கு நான் தெரியாமச் சொன்னனான். பிழை. என்ர பிழை. அதுக்காகப் பிள்ளையை..."

"போங்க மிஸ்ஸி. நீங்க ஒருக்கா நல்லவாப் பேசினதுக்கு நான் உம்மாவத் தந்த. இன்னொருக்காப் பேசினா புள்ளயத் தரவா?"

யோகேஸ்வரி ஒரு மணித்தியாலம் அந்த வாசலில் நின்றாள். ஊசிப் பெட்டிக்குள் ஐஸ் உருகத் தொடங்கியபின் அடுத்த வீட்டுக்குப் போனாள். பொய் சொன்ன அன்று ஒரே நிமிடத்தில் திறந்த கதவு அது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஹிபாவுக்குக் காய்ச்சல் வந்தது. பலீலா ஐந்து நாள் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் உம்மாவைப் போலத் திரும்பாது என்று பயந்தாள். வலிப்பு வந்தபிறகுதான் ஷிப்லி பிள்ளையை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினான். ஒரு மாதத்துக்கு மேல் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. உயிர் தப்பிவிட்டது என்ற செய்தி கேட்டு யோகேஸ்வரி பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். மிச்சச் செய்தி அவளுக்கு வரவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் ஒழுங்கையால் போகும்போது றலியாவின் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் பலீலா நின்றாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக முகத்துக்கு முகம் பார்த்தாள்.

"வாங்க மிஸ்ஸி. உள்ளுக்கு வாங்க."

 இந்தக் கதவுக்காக யோகேஸ்வரி எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். உள்ளே ஹிபா முதுகைக் காட்டி உட்கார்ந்து சோடாப் போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள் பலீலா.

"ஹிபா."

பிள்ளை இன்னொரு மூடியை எடுத்து வைத்தாள்.

"சத்தமாக் கூப்பிடுங்க மிஸ்ஸி. முந்தி முழுத் தோட்டத்துக்கும் கேக்குமே."

"ஹிபா!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஹிபா திரும்பவில்லை. யோகேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பலீலா அழவில்லை. அவள் குரலில் கோபம்கூட இருக்கவில்லை.

"இவளுக்கு இனிக் காது கேக்குமா மிஸ்ஸி?"

யோகேஸ்வரி பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை."

பலீலா தலையை ஆட்டினாள்.

"இந்த ஒரு சொல்லத்தானே நான் அண்டைக்குக் கேட்ட" என்று சொல்லிவிட்டு, யோகேஸ்வரி வெளியே போவதற்காகக் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து பிடித்தாள்.