அடிக்கோடு இல்லாத வரிகள்

செவ்வாய்க்கிழமை முற்பகல், நம் இதழுக்கு அனுப்ப வேண்டிய பத்தியில் ஒரு வாக்கியத்தை முடித்துப் பேனாவை மூடும்போது தொலைபேசி அடித்தது. தாவூது பாயின் மகள் ஜமீலா. “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்பறம் எடுக்கறோம், வந்துருங்க” என்றாள். பக்கத்தில் யாரோ அழைக்க, வைத்துவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த வாக்கியம் தாளில் அப்படியே இருந்தது. ‘பேய்ப் படங்களில் நமக்கு முன்பே இசை பயந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.’ எனக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை. “மியூசிக் போடுறவன் நமக்கு முந்தியே பயந்துர்றான் சார், அப்பறம் நாம எதுக்குப் பயப்படணும்?” என்று பத்து நாளுக்கு முன் கட்டிலில் சாய்ந்தபடி அவர் கேட்டதுதான் அது.

நம் ரசிகர் வட்டத்து நண்பர்களுக்கு அவரைத் தெரியும். மாதக் கூட்டத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். யாரையும் மறுத்துப் பேச மாட்டார். கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டுப் போவார். என்னையும் உங்களுக்குத் தெரியும். பேய்ப் படங்களையும் மர்மப் படங்களையும் பற்றி ஏழு ஆண்டுகளாகப் பத்தி எழுதி வருபவன் என்று. அந்தப் பத்திகளில் இருந்த கருத்துகள் அவருடையவை. இதைச் சொல்ல அவர் இறக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பத்தி என்னிடம் வந்ததே ஒரு விபத்து. குடும்பப் படம், அயல்நாட்டுப் படம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்த பிறகு பேய்ப் படம் மட்டும் மிஞ்சியது. “ஏனுங்க சார், நீங்க எடுத்துக்கங்களேன்” என்றார் நம் இதழாசிரியர் பழனிச்சாமி. மறுத்துச் சொல்லும் துணிவு எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மறு வாரமே மதியக் காட்சிக்குப் போனேன். படம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். அதுவும் போதாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த இருக்கையில் இருந்தவர் என் பக்கம் சாய்ந்து, “சார், முழிக்கலாம். அது போயிருச்சு” என்றார். அன்று முழுவதும் எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். இடையில் நான் பார்க்காமல் விட்டதைப் படம் முடிந்து டீக்கடையில் விவரித்தார். அவர் விவரித்ததுதான் படத்தை விட நன்றாக இருந்தது.

அவர்தான் தாவூது பாய். தோல் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். வந்த தோலை முதலில் புரட்டி உள்பக்கம் பார்ப்பதுதான் வழக்கமாம். மேல்பக்கம் எத்தனை பளபளப்பாக இருந்தாலும், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் உள்ளே தெரிந்துவிடும். மர்மப் படங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். முடிவு தெரிந்த படத்துக்கு மறுபடி போவார். “ரெண்டாந்தடவ போறப்ப கொலைகாரனை மட்டும் பாருங்க சார். மத்தவன் பூராம் பேசிக்கிட்டு இருப்பான், இவன் ஓரமா சும்மா நிப்பான்ல, அப்பத் தெரிஞ்சுரும், கொலைகாரனா நிக்கிறானா, சம்பளத்துக்கு நிக்கிறானான்னு.” அவர் சொல்லி நானும் ஒரு படத்துக்கு இரண்டாம் முறை போனேன். அந்த நடிகர் சம்பளத்துக்குத்தான் நின்றுகொண்டிருந்தார்.

முதல் பத்தி எழுதும்போதே அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். இது உண்மை. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் மீதுள்ள சந்தேகத்தால் மறுபடி எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. அவர் பதறிவிட்டார். கிடங்கில் தன்னைப் பெரிய மனுசன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வேலை நேரத்தில் தான் பேய்ப் படம் பார்க்கப் போவது தெரிந்தால் இளம்பையன்கள்கூட மதிக்க மாட்டார்கள் என்றார். அதனால் என் பெயரிலேயே எழுதினேன். அதுவரை தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு பாராட்டுகள் வரத் தொடங்கின. கொலைகாரனை மட்டும் பார்க்கச் சொன்ன பத்தியைப் பற்றி, வடமதுரையிலிருந்து வரும் தலைமையாசிரியை அம்மா கூட்டத்தில் எழுந்து பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். இப்படி ஒரு பார்வை தனக்கு முப்பது ஆண்டுகளாகத் தோன்றவில்லையே என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். ஜன்னலோரத்திலிருந்து அவரும் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ‘என்ன அடக்கம் பாருங்க’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். ஒவ்வொரு சாட்சி சொன்னதன் தலையிலும் அவன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிய பிறகே அடுத்த வரியைத் தொட்ட கை இது. அந்தக் கையால் அன்று நன்றி சொல்லிக் கும்பிட்டேன்.

சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறு வந்து அவர் வேலையை விட்டார். பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜமீலா டீ வைத்துவிட்டு நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னார். “சார், இனிமே என் பேரைப் போடலாம். கிடங்கும் இல்ல, அங்க மருவாதியும் இல்ல. நான் சினிமாக் கொட்டாயில தூங்கத்தான் போயிருக்கேன்னு எம்மகளுக்கு நெனப்பு. ஒரு தடவ பேரோட வந்தா காட்டலாம்.”

இதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். ஆசிரியரிடம் முறையாகக் கேட்க வேண்டும், இதழின் விதிமுறை என்ன என்று பார்க்க வேண்டும், அடுத்த மாதம் செய்யலாம் என்றேன். நம் இதழுக்கு விதிமுறை எதுவும் இல்லை என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரும் தெரிந்தேதான் தலையாட்டினார் என்று நினைக்கிறேன். ஏழு ஆண்டுப் பாராட்டை உங்கள் முன் திருப்பிக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்தப் பயத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் இடம்கூட இல்லை.

அடுத்த இதழில் ‘நண்பர் ஒருவர் சொல்வது போல’ என்று ஓரிடத்தில் எழுதினேன். அதையே பெரிய துணிச்சல் என்று நினைத்து இதழை எடுத்துப் போய்க் காட்டினேன். விரல் வைத்து வாசித்து அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். “நண்பர் ஒருவரா? யாரு சார் அது, நல்ல ஆளா இருக்காப்ல இருக்கே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் மூன்று இதழ்கள் வந்தன. அவர் மறுபடி கேட்கவில்லை. நான் போகும்போதெல்லாம் கருத்துச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன். ஜமீலா அவருடைய காகிதக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நம் இதழிலிருந்து என் பத்தியை மட்டும் வெட்டி, மாத வரிசையில் ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் நாலைந்து வரிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. “மாமா, அத்தா எதுக்கு இந்த வரிக்கு மட்டும் கோடு போட்டு வச்சிருக்காங்கன்னு தெரியல. பிடிச்ச வரின்னு நெனச்சேன். வாசிச்சா அப்படியும் தெரியலையே” என்றாள்.

பிடித்த வரிகளாக இருக்க முடியாது. எல்லாம் சாதாரண வரிகள். படத்தின் நீளம், திரையரங்கின் வெக்கை, தமிழில் ‘திகில்’ என்ற சொல்லைப் பற்றி நான் இட்டு நிரப்பிய இரண்டு வாக்கியம் என இப்படி. இரண்டாம் முறை புரட்டும்போதுதான் விளங்கியது. அடிக்கோடிட்டவை நான் எழுதியவை. அவர் சொல்லாதவை. என் பங்கை ஒரு வரி விடாமல் எனக்கென்று பிரித்து வைத்திருக்கிறார். கோடு இல்லாத மற்ற எல்லாம் அவருடையவை. தரம் பிரிப்பதில் அவர் கை தவறியதில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்று ஜமீலாவிடம் சொன்னேன். எழுதிக் கொண்டுவருகிறேன் என்று வந்துவிட்டேன்.

பழனிச்சாமியிடம் விவரம் சொன்னபோது அவர் சங்கடப்பட்டார். “இப்ப எதுக்குங்க சார்? மனுசனும் போயிட்டாருங்க. நாலு வரி நல்லதா எழுதிட்டு விட்டுருங்க” என்றார். என் மேலுள்ள அன்பால் சொன்னார். முடியாது என்றேன். பழைய பத்திகள் எல்லாம் அவருடையவை என்று இதழில் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்தி நின்றுவிடும் என்றேன். கடைசியில், சரிங்க என்றார்.

நேற்று இதை முழுவதும் ஜமீலாவுக்கு வாசித்துக் காட்டினேன். விதிமுறை என்று நான் சொன்ன இடத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தாளையே பார்த்து வாசித்தேன். முடித்ததும் வெகு நேரம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோடு இல்லாத வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஓரிடத்தில் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அத்தா பேசுற மாதிரியேதான் இருக்கு. நாந்தான் கவனிக்கல” என்றாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் வரை வந்தவள், “வெறும் தாவூதுன்னு போடாதீங்க மாமா. அத்தா முழுப் பேரும் எழுதித்தான் கையெழுத்துப் போடுவாங்க” என்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிவப்புக் கோடுகளை மட்டும். அவை என் அளவு என்ன என்பதைச் சரியாகச் சொல்கின்றன. மற்றதெல்லாம் இன்றோடு உரியவருக்குப் போகிறது. ஒன்றே ஒன்று பாக்கி. கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்தது ஒரு பேய்ப் படம், ஜமீலாவின் கைபேசியில், அவர் கட்டிலருகே. முடிந்ததும் அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். என் பெயரில் வெளியிட மட்டும் கை வரவில்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே தருகிறேன்.

“எல்லாப் பேய்ப் படத்துலயும் ஒண்ணு பாத்தீங்களா சார்? அந்தப் பொம்பள உசுரோட இருக்கையிலயே எல்லாத்தையும் சொல்லியிருப்பா. மெதுவாத்தான் சொல்லியிருப்பா, ஒருத்தனும் காதுல வாங்கியிருக்க மாட்டான். செத்து வந்து கதவைப் போட்டு அடிக்கையில, இம்புட்டுப் பேரும் கூடி நின்னு, உனக்கு என்னம்மா வேணும்னு கேக்குறாங்க. அதைப் பாத்துப் பயப்படுறதா, வெக்கப்படுறதான்னு எனக்கு வெளங்கல.”

— ஷேக் தாவூது ராவுத்தர்