கையைக் கழுவச் சொன்ன அக்கா

சென்ற வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் வேறொரு நர்ஸ் இருந்தார். "பாண்டியம்மா அக்கா இறந்துட்டாங்க. மாரடைப்பு" என்றார். அப்பா என்னிடமிருந்து போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

அக்காவை நான் நேரில் பார்த்ததே இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நடமாட முடியாத சர்க்கரை நோயாளிகளை விருதுநகரிலிருந்து வாரந்தோறும் வீடியோவில் அழைத்து விசாரித்த நர்ஸ் அவர். என் அப்பா விஸ்வநத்தத்தில் பட்டாசு லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர்; சர்க்கரை நோயும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவும் வேண்டும், தூக்கிவிட ஆட்களும் வேண்டும்.

முதல் அழைப்பிலேயே அக்கா பாதத்தைக் காட்டச் சொன்னார்.

"மொகத்தப் பாக்காம காலப் பாக்கவா தாயி போன் போட்ட?" என்று அப்பா கேலி செய்தார்.

"மொகம் வலிச்சா நீங்களே சொல்லிருவீக அண்ணே. காலு சொல்லாதுல்ல? நாமதான் போயி விசாரிக்கணும்."

இடது குதிகாலில் ஒரு கொப்புளம் இருந்தது. அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

பிறகு ஓர் ஆடி வெள்ளி. இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்கு நானும் அம்மாவும் கிளம்பிக்கொண்டிருந்தோம். மாவிளக்குக்கு வெல்லம் சேர்த்து மாவு பிசைவது எப்போதும் அப்பாதான். பிசைந்த கையைக் கைலியில் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். அம்மா குத்திப் பார்த்தார். கருவி முந்நூறுக்கு மேல் காட்டியது. அந்த அளவுக்கு டாக்டர் சொல்லியிருந்தபடி இன்சுலினைக் கூட்டி ஊசியில் ஏற்றினார். அப்போதுதான் அக்கா அழைத்தார்.

"மதினி, ஊசியக் கீள வைங்க. அண்ணே, வெரல்ல என்ன ஒட்டியிருக்கு?"

"மாவிளக்கு மாவு தாயி."

"வெல்லம் போட்டதா? கையக் களுவிட்டு மறுபடி பாருங்க. அது உங்க சக்கரை இல்ல, மாரியாத்தா சக்கரை!"

சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துப் பார்த்தபோது பாதிக்கும் கீழே காட்டியது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து அப்பா தனியாக மயங்கிக் கிடந்திருப்பார். நாங்கள் கோயில் வரிசையில் நின்றிருப்போம்.

சென்ற வெள்ளி, போனை நிமிர்த்தியபோது புது நர்ஸ் காத்திருந்தார். அவர் கேட்பதற்குள் அப்பா விரல்களை விரித்துக் காட்டினார்: "களுவிட்டேன் தாயி."

நான் போனைப் பாதத்தருகே கொண்டுபோனேன். அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது இதுதான்: தன் வலியைச் சொல்லாத இடத்துக்கு நாமே போய் விசாரிப்பது.

இடது குதிகால் நன்றாக இருக்கிறது, அக்கா.