குத்தகை முடிகிற நாளும் பத்மா அக்காவின் இடியப்பமும்

நிலத்தடி எரிவாயு தேடுகிற காஸ் கம்பனிக்காகக் காணிக் குத்தகை பார்க்கிற உத்தியோகத்துக்கு வேண்டிய முதல் தகுதி சட்ட அறிவு அல்ல, நாய்க்குப் பயப்படாத சுபாவம். எழுபதுகளில் மெல்பேர்னுக்கு வந்த புதிதில் எனக்கு அந்த வேலைதான் கிடைத்தது. கொழும்பில் நில அளவையாளனாக இருந்தவனுக்கு வேறு என்ன கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, வேறு என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. கிழக்கே கிப்ஸ்லாந்துப் பக்கம் பண்ணை பண்ணையாகப் போய், முடியப்போகிற குத்தகைகளைப் புதுப்பித்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். சொந்தக் காணியில் ஒரு மூலையை யாருக்காவது விட்டுவிட்டு, அது எப்போது திரும்பிவரும் என்று காத்திருந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். கொஞ்சம் இருந்து கேளுங்கள்.

தோல் மட்டும்

டொக்டர் ராசநாயகம் அங்கே ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓடைக்கரையில் பழைய மரவீடு ஒன்றோடு காணி வாங்கியிருந்தார். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் தண்ணீர் நேரே குசினிக்குள், அடுப்படிவரை வந்துவிடும். அவருடைய மனைவி பத்மா அக்கா இரண்டு மாரி முழுக்க அரிசிச் சாக்கைக் கதிரைக்கு மேல் வைத்துக் காப்பாற்றியவர். புது வீடு கட்டுவதென்றால் காணியின் மேட்டில்தான் கட்ட வேண்டும். அந்த மேடோ எங்கள் கம்பனியிடம் இருந்தது. பழைய சொந்தக்காரர் குத்தகைக்கு விட்டிருந்தார். கம்பனி அங்கே சரளைக்கல் பரப்பி, ஓரத்தில் ஒரு சோதனைக் கிணறு தோண்டி, மூடி போட்டு, சுற்றிவர வேலியும் அடித்திருந்தது. காணி கைமாறினாலும் குத்தகை கூடவே வரும் என்பதை டொக்டருக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. அந்த ஆண்டு வசந்தத்தில் குத்தகை முடிகிறது. புதுப்பித்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

டொக்டர் முதலில் ஒரு பெரிய கணக்கோடு இருந்தார். ஊரில் காணி வாங்கினால் கிணறும் தண்ணீரும் நமக்குத்தானே, அதுபோல நிலத்துக்குக் கீழே இருக்கிற காஸும் தன்னுடையது என்று நினைத்திருந்தார். இந்த நாட்டில் கீழே இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்கு, மேலே வந்துபோகிற வழியையும் இடத்தையும் மட்டும்தான் கம்பனி உங்களிடம் குத்தகைக்கு எடுக்கிறது என்று சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப நான் வாங்கினது காணியின்ர தோலை மட்டும்தானே, தம்பி?"

ஜாக்கின் கன்று

பக்கத்துப் பண்ணைக்காரர் ஜாக், பால்மாடு வைத்திருந்தவர். அவருடைய குத்தகையும் அதே காலத்தில்தான் முடிந்தது. அவரைத் தேடிப் போனபோது தொழுவத்தில் ஒரு மாடு கன்று ஈன முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஜாக் கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். நானும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கன்று பிழைத்தது. ஜாக்குக்கு என்மேல் அப்படியொரு அன்பு பொங்கிவிட்டது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், ஒரு வரி வாசிக்காமல், நான் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

பழைய குத்தகையில் என்ன பிடிக்கவில்லையோ அதை மாற்றச் சொல்லிக் கேட்க ஒரே நல்ல சமயம் புதுப்பிக்கிற சமயம்தான். எங்கள் லொறிகள் உடைத்த வாசல் கேட்டைக் கம்பனி திருத்தித் தரவில்லை என்று ஜாக் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். அன்று கேட்டிருந்தால் புதுக் கேட்டே கிடைத்திருக்கும். அடுத்த வாரம் அவரிடமே இதைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "கன்று வருகிற நேரத்தில் யார் எதை நீட்டினாலும் நான் சம்மதித்துவிடுவேன். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது."

பாப்பம்

டொக்டர் வீட்டுக்கு இரண்டாம் தடவை போனபோது பத்மா அக்கா தேத்தண்ணீரும் வடையும் தந்து, நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் புன்னகையோடு "பாப்பம், தம்பி" என்றார். இந்தப் "பாப்பம்" என்ன வகை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை பிடிக்காத வீட்டில் சொல்கிற அதே பாப்பம். முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை.

ஆனால் அதை என் மேலாளருக்கு எப்படி விளக்குவது? அந்த அம்மா பார்க்கலாம் என்று சொன்னார், ஆனால் அதற்கு அர்த்தம் மாட்டார் என்றேன். மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாப்பிட ஏதாவது தந்தார்களா என்று கேட்டார். வடை தந்தார்கள் என்றேன். அவர் திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சாப்பாடு போட்டவர்கள் கையெழுத்தும் போடுவார்கள், கவலைப்படாதே."

மண்ணைத் தொட்டால்

மூன்றாம் தடவை போனபோது ஓடை பெருகி வடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குசினித் தரை முழுக்கச் சேறு. பத்மா அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. அவரே கேட்டார், திகதி வந்தால் குத்தகை தானாக முடிந்துவிடுமா என்று. நான் கம்பனி ஆள்தான். ஆனாலும் தன் காணியைப் பற்றி ஒருவர் நேராகக் கேட்டால் நேராகச் சொல்லத்தானே வேண்டும்? பெரும்பாலான காணிக்காரர்கள் கோட்டை விடுகிற இடமும் இதுதான்.

முடியலாம், முடியாமலும் போகலாம் என்றேன். கடைசி நாளன்று மேட்டில் கம்பனி ஏதாவது வேலை தொடங்கியிருந்தால் குத்தகை அந்த வேலையோடு சேர்ந்து நீளும். முடிந்த பிறகும் சாமான்கள் இருக்கட்டும் என்று நீங்களே வாயால் அனுமதி கொடுத்தால், அதைப் பிடித்துக்கொண்டும் இழுத்தடிப்பார்கள். இரண்டும் நடக்காவிட்டால் கம்பனி கிணற்றைச் சீமெந்து போட்டு அடைத்து, சரளையை அள்ளிக்கொண்டு, நிலத்தை இருந்தபடி ஒப்படைக்க வேண்டும். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வேலை என்றால் எது வேலை, லொறி வந்து நின்றாலும் வேலையா என்று கேட்டார். லொறி நின்றால் போதாது, மண்ணைத் தொட வேண்டும் என்றேன். அவர் அதை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தது போலிருந்தது. "சரி. தொட்டாத்தான் வேலை."

கடைசி வெள்ளிக்கிழமை

கையெழுத்து வரவில்லை என்றதும் மேலாளர் கடைசி நாளன்று ஆட்களை அனுப்பினார். நாலு பேர், ஒரு லொறி, அதன்மேல் மண் வெட்டும் மெசின். தலைமைக்குப் பில் என்கிற ஐரிஷ் வம்சத்து மனிதர். துணைக்கு நான். மேட்டில் ஒரு பள்ளம் வெட்டினால் போதும், பத்மா அக்காவின் வீட்டுக் கனவு இன்னும் பல மாரிகளுக்குத் தண்ணீரில்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. மழையில் வேலை செய்யச் சொல்ல முடியாது, அது யூனியன் சட்டம். அக்கா வாசலில் குடையோடு நின்று, "வாங்கோ, உள்ள வந்து இருங்கோ" என்றார். அவித்த கோதுமை மாவில் இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, பைக்கற் தேங்காய்ப்பூவில் சம்பல். மழை விட்டது. பில் எழும்பப் பார்த்தார். அதற்குள் தேத்தண்ணீர் வந்தது. தேத்தண்ணீர் இடைவேளையும் யூனியன் சட்டம்தான். அது முடிவதற்குள் மத்தியானம் ஆகி, கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வந்தன. இறைச்சி எங்கே என்று ஒருவன் கேட்டான். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி சமைப்பதில்லை என்றார் அக்கா. பில் உருகிப்போனார். கத்தோலிக்கரான தன் அம்மாவும் அப்படித்தான் என்று சொல்லி, அம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பாயசம் வந்தது. ஒருவன் கதிரையிலேயே தூங்கிவிட்டான். இப்படியே வேலை விடுகிற நேரம் ஆகிவிட்டது. மண்ணை யாரும் தொடவில்லை.

டொக்டரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். அப்போது பில் தலையைச் சொறிந்துகொண்டு, பாதை ஈரமாக இருக்கிறது, மெசினைத் திங்கட்கிழமை வரை மேட்டில் விட்டுப் போகட்டுமா என்று அவரிடம் கேட்டார். வாயால் கொடுக்கிற அனுமதி என்று நான் சொன்னது இதைத்தான். டொக்டர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். "ஓம், அதுக்கென்ன" என்பது அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் குசினியிலிருந்து பத்மா அக்காவின் குரல் வந்தது. அவருக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும். ஆனால் அன்று வெளியே வந்து, தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அவைக்குச் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கேக்க வேற ஆக்களின்ர இரும்புச் சாமான் எங்கட வளவுக்குள்ள நிக்கக் கூடாது. அது எங்கட வழக்கம்."

மொழிபெயர்ப்பு என் உத்தியோகத்தில் சேர்ந்ததல்ல. ஆனாலும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பில் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். அம்மாவின் வீட்டிலும் இப்படிப் பல வழக்கங்கள் உண்டாம். மெசினை மறுபடி கயிறு போட்டு இறுக்கி, அக்கா கட்டிக் கொடுத்த வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு லொறியில் போனார்கள். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். சம்பளம் தருகிற கம்பனி தோற்கும்போது சந்தோஷப்படுவது முறையல்ல என்றும் தெரிந்தது. லொறி கண்மறைந்த பிறகு மெதுவாகக் கேட்டேன், அக்கா, இப்படி ஒரு வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது, நான் கேள்விப்பட்டதே இல்லையே என்று. அக்கா சாமி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊரிலதான், தம்பி. இண்டையிலயிருந்து."

குத்தகை முடியப்போகிறதென்றால் திகதியைப் பாருங்கள், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், முடிந்தால் ஒரு வக்கீலையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லார் வீட்டு இடியப்பமும் பின்னேரம் வரைக்கும் ஆளைப் பிடித்து வைக்காது.